கி, கெ, தோன், ஊ: பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியிலோ கல்லூரியிலோ பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்தவர்களும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் ரிலேட்டிவ் புரோனவுன் (ஒரு பெயர்ச்சொல்லை அதை விவரிக்கும் வாக்கியத்தோடு இணைக்கும் சொல்) பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மூக்கால் ஒலிக்கும் உயிருக்கு 'ன்' போட்டிருக்கிறேன். அதை அழுத்திச் சொல்லாமல் மூக்கோடு விட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டலில் குழம்பாமல் இருக்க ஒன்று: கி என்பது க்யூ-யூ-ஐ, கெ என்பது க்யூ-யூ-இ, தோன் என்பது டி-ஓ-என்-டி, ஊ என்பது ஓ-யூ. இந்தக் கடைசிச் சொல்லில் யூ மேல் சாய்கோடு இருக்கும். கோடு இல்லாவிட்டால் அது 'அல்லது' என்று பொருள்படும் வேறு சொல்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஏன் இவ்வளவு குழப்புகிறது?

தமிழில் இந்த வேலைக்குத் தனிச் சொல் தேவைப்படுவதில்லை. பெயரெச்சம் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. நான் படித்த புத்தகம், நான் படித்த பள்ளி, நான் படித்த காலம். மூன்றிலும் 'படித்த' மாறவேயில்லை. புத்தகத்தைப் படித்தேன், பள்ளியில் படித்தேன் என்ற வேற்றுமையை நாம் வெளியே சொல்வதில்லை. கேட்பவர் தானாகப் புரிந்துகொள்கிறார்.

பிரெஞ்சு அந்த வேற்றுமையை வெளியே சொல்லிவிடும். கி வந்தால் எழுவாய். கெ வந்தால் 'ஐ'. ஊ வந்தால் 'இல்'. ஓகெல் ('ஆ', லெகெல் இரண்டும் சேர்ந்த வடிவம்) வந்தால் 'கு'. தோன் வந்தால் பெரும்பாலும் 'உடைய' அல்லது 'பற்றி'. இப்படிப் பார்த்தால் பிரெஞ்சின் இந்தச் சொற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல, பள்ளியில் படித்த வேற்றுமைகள்தான்.

ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. ஹூம், ஹூஸ் இரண்டையும் விட்டால் சொல்லின் வடிவத்தில் வேற்றுமை தெரியாது. சொல் நிற்கும் இடமும், கடைசியில் வந்து நிற்கும் ப்ரெபோஸிஷனும்தான் (ஃபார், அபௌட், வித் போன்ற சொல்) அதைச் சொல்லும். ஆகவே முதலில் பிரெஞ்சுச் சொல்லின் வேற்றுமை என்ன என்று கண்டுபிடியுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் வாக்கியத்தை அடுக்குங்கள். கி என்றால் ஹூ, கெ என்றால் தட் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த அட்டவணையிலிருந்துதான் வருகின்றன.

கி மனிதர்களுக்கு, கெ பொருள்களுக்கு, சரிதானே?

இல்லை. ஆங்கிலத்தில் ஹூ மனிதருக்கு, விச் பொருளுக்கு என்று படித்த பழக்கம் இங்கே தவறாக நுழைகிறது. கி, கெ இரண்டுமே மனிதருக்கும் வரும், பொருளுக்கும் வரும். வித்தியாசம் எழுவாயா, செயப்படுபொருளா என்பதில்தான்.

இந்த இரண்டையும் பாருங்கள்:

லொம் கி ஷெர்ஷ் லா போலீஸ்
லொம் கெ ஷெர்ஷ் லா போலீஸ்

ஒரே ஒரு உயிரெழுத்துதான் வேறு. முதலாவது, போலீஸைத் தேடும் ஆள். இரண்டாவது, போலீஸ் தேடும் ஆள். ஒருவர் உதவி கேட்டு அலைகிறவர், மற்றவர் தலைமறைவாக இருப்பவர். ஆங்கிலத்தில் முதலாவது 'த மேன் ஹூ இஸ் லுக்கிங் ஃபார் த போலீஸ்'. இரண்டாவது 'த மேன் த போலீஸ் ஆர் லுக்கிங் ஃபார்'.

தமிழில் அந்த 'ஐ' செய்கிற வேலையைத்தான் பிரெஞ்சில் கி–கெ வேறுபாடு செய்கிறது. பிரெஞ்சு வாக்கியத்தைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'ஐ' எங்கே விழுகிறது என்று தெரிந்தால் ஆங்கிலம் தானாக வரும்.

கெ-க்குப் பிறகு உடனே வினை வருகிறதே, அப்படியானால் அது எழுவாய் இல்லையா?

மேலே உள்ள இரண்டாவது வாக்கியத்தின் சிக்கல் இதுதான். கெ வந்த பிறகு பிரெஞ்சில் வினையும் எழுவாயும் இடம் மாறிக்கொள்ளலாம். எழுத்து நடையில், முக்கியமாகச் செய்தித்தாள்களில், இது நிறைய வரும். 'லெ லீவ்ர் கெ லி மரி' என்பதை வரிசையாக மாற்றினால் புத்தகம் மரியைப் படிக்கும்! சரியான ஆங்கிலம் 'த புக் மரி இஸ் ரீடிங்'.

வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய் என்ற நம்பிக்கையை இங்கே விட்டுவிட வேண்டும். கெ என்ற சொல் எழுவாயாக ஒருபோதும் இருக்காது. அதைப் பார்த்ததும் எழுவாய் வேறெங்கோ இருக்கிறது என்று தேடுங்கள். வினைக்கு முன்னால் இல்லையென்றால் பின்னால் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. உயிரெழுத்துக்கு முன் கெ சுருங்கிவிடும், கி சுருங்காது. கெ + இல் சேர்ந்தால் 'கில்' ஆகும். வேகமாகப் பேசும்போது அந்த 'ல்' காதில் விழாமல் 'கி' போலவே கேட்கும். கேட்டு எழுதும் பயிற்சியில் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

வேற்றுமையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நம் மொழியிலேயே. தமிழில் பெயரெச்சத்தைத் தவிர இன்னொரு வாக்கிய அமைப்பு இருக்கிறது: 'எது நடந்ததோ அது', 'யாரைப் பார்த்தேனோ அவர்'. பேச்சில் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் வேற்றுமை உருபு அதில் ஒளியாது.

'லெ லீவ்ர் தோன் ஜெ பார்ல்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரெச்சத்தில் 'நான் பேசும் புத்தகம்' என்று சொன்னால் ஒன்றும் விளங்காது. 'எதைப் பற்றி நான் பேசுகிறேனோ அந்தப் புத்தகம்' என்று விரித்தால் 'பற்றி' வெளியே வந்துவிடுகிறது. 'த புக் ஐயம் டாக்கிங் அபௌட்' என்று எழுதும்போது அந்த அபௌட் விடுபடாது. மாணவர்கள் ஆங்கிலத்தில் ப்ரெபோஸிஷனைத் தொலைப்பதற்கு இந்தச் சோதனை நல்ல மருந்து. நீளமான வாக்கியம் வந்தால் இன்றும் நான் இப்படித்தான் விரித்துப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் தட், ஹூம் போன்றவற்றை எப்போது விட்டுவிடலாம்?

எழுவாயாக இல்லாதபோது, கமாவும் இல்லாதபோது. பிரெஞ்சில் கெ-வை ஒருபோதும் விட முடியாது. ஆங்கிலத்தில் விடுவதுதான் பல இடங்களில் இயல்பு. கி-யாக இருந்ததை மட்டும் விடக்கூடாது.

தோன் என்றால் ஹூஸ் தானே?

சில சமயம் மட்டும். பாடப்புத்தகத்தில் முதல் எடுத்துக்காட்டாக ஹூஸ் வருவதால் அதுவே மனதில் பதிந்துவிடுகிறது. தோன் என்பது 'தெ' என்ற ப்ரெபோஸிஷனைத் தனக்குள் வைத்திருக்கும் சொல். எனவே அந்த 'தெ' எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

உடைமையிலிருந்து வந்தால் ஹூஸ். 'லெ கார்ஸோன் தோன் ஜெ கொனே லெ பேர்': 'த பாய் ஹூஸ் ஃபாதர் ஐ நோ'. சொல்வரிசையைக் கவனியுங்கள். பிரெஞ்சில் அப்பா கடைசியில் நிற்கிறார், ஆங்கிலத்தில் ஹூஸை ஒட்டி முன்னால் வந்துவிட வேண்டும். பிரெஞ்சில் அந்த 'பேர்' முன்னால் 'லெ' இருக்கிறது, ஆங்கிலத்தில் ஹூஸ் வந்தபின் 'த' வரக்கூடாது. பொருள்களுக்கு ஹூஸ் போடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். 'எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்' நல்ல ஆங்கிலம்.

வினையிலிருந்தோ வினைத்தொடரிலிருந்தோ வந்தால் ஹூஸுக்கு அங்கே வேலை இல்லை. பேசுவது, நினைவு வைத்திருப்பது, தேவைப்படுவது, பயப்படுவது, பெருமைப்படுவது, பயன்படுத்துவது எல்லாமே பிரெஞ்சில் 'தெ' எடுக்கும் தொடர்களாக வரும். 'லெ திக்ஸியோனேர் தோன் ஜே பெஸுவான்' என்பது வெறும் 'த டிக்ஷனரி ஐ நீட்'. நீட் என்ற ஆங்கில வினைக்கு ப்ரெபோஸிஷன் தேவையில்லை. 'ஆஃப் விச் ஐ ஹாவ் நீட்' என்று எழுதினால் இலக்கணம் தப்பில்லைதான், ஆனால் இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை.

'லா ஃபஸோன் தோன் துய் பார்ல்' என்பது 'த வே யூ ஸ்பீக்'. இங்கே ஆங்கிலத்தில் தோனுக்கு ஒரு சொல்லும் வேண்டாம்.

எண்ணோடு வந்தால் பொருள் வேறு. 'ஸெத் லீவ்ர், தோன் த்ருவா ஆன் தமூல்': ஏழு புத்தகங்கள், அவற்றில் மூன்று தமிழில். ஆங்கிலத்தில் 'இன்க்ளூடிங் த்ரீ இன் தமிழ்' அல்லது 'த்ரீ ஆஃப் தெம் இன் தமிழ்'. செய்தி அறிக்கைகளில் இது ஓயாமல் வரும். இதில் வினையே இல்லை என்பது அடையாளம். இந்த மூன்று அந்த ஏழுக்குள் அடக்கம். மூன்றையும் ஏழையும் கூட்டிப் பத்து ஆக்கிவிட்ட மொழிபெயர்ப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சு ப்ரெபோஸிஷனை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. பிரெஞ்சு வினைக்குரிய ப்ரெபோஸிஷனைக் கீழே வைத்துவிட்டு, ஆங்கில வினைக்குரியதை எடுக்க வேண்டும். ஆங்கில வினைக்கு எதுவுமே தேவைப்படாமலும் இருக்கலாம்.

'லா கெஸ்தியோன் ஆ லாகெல் இல் ரெபோன்' என்பதில் 'ஆ' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த க்வெஸ்சன் ஹி இஸ் ஆன்சரிங்', ப்ரெபோஸிஷன் இல்லை. இதற்கு நேர் எதிராக, 'லெ புய்ஸ் கெ ஜத்தான்' என்பதில் ஒன்றும் இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் 'த பஸ் ஐயம் வெயிட்டிங் ஃபார்'. பிரெஞ்சில் பஸ்ஸை எதிர்பார்க்கிறார்கள், நம்மைப் போலவே 'ஐ' போட்டு. 'லெ ப்ரொப்லெம் ஓகெல் ஜெ பான்ஸ்' என்பதில் 'ஆ' என்ற ப்ரெபோஸிஷன் ஓகெலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது அபௌட் ஆகிறது: 'த ப்ராப்ளம் ஐயம் திங்கிங் அபௌட்'.

ப்ரெபோஸிஷனைக் கடைசியில் விடுவது தவறு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தவறில்லை. 'லெ ஸ்திலோ அவெக் லெகெல் ஜெக்ரி' என்பதைப் பேச்சிலும் கதையிலும் 'த பென் ஐ ரைட் வித்' என்றே எழுதுங்கள். சட்ட ஆவணத்தில் 'வித் விச்' பொருந்தும். பிரெஞ்சில் மட்டும் ப்ரெபோஸிஷன் எப்போதும் முன்னாலேயே இருக்கும், கடைசிக்குத் தள்ள முடியாது.

லெகெல், லாகெல் எப்போது வரும்? அவை விச் தானே?

ப்ரெபோஸிஷனுக்குப் பின்னால், பெரும்பாலும் பொருள்களுக்கு. 1789 ஆகஸ்ட் 26 அன்று நிறைவேற்றப்பட்ட பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆவது பிரிவில் 'ஸொஸியேத்தே தான் லாகெல்' என்று வருகிறது. உரிமைகளுக்கு உத்தரவாதம் இல்லாத, அதிகாரங்கள் பிரிக்கப்படாத எந்தச் சமுதாயத்துக்கும் அரசியலமைப்பே இல்லை என்கிறது அந்தப் பிரிவு. ஆங்கிலத்தில் 'எ சொசைட்டி இன் விச்'. இப்படிப்பட்ட உரையில் 'இன் விச்' தான் கம்பீரமாக நிற்கும், இன்-ஐக் கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் தளர்ந்துவிடும்.

'பக்கத்தில்', 'அருகில்', 'நடுவில்' போன்ற தொடர்களில் ஏற்கெனவே ஒரு 'தெ' மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே தோன் வராது, துய்கெல் ('தெ', லெகெல் சேர்ந்த வடிவம்) அல்லது 'தெ லாகெல்' தான் வரும். 'லெ லாக் ப்ரே துய்கெல்': 'த லேக் நியர் விச்'.

அது எப்போதும் விச் அல்ல. மனிதருக்கும் லெகெல் வரும். பத்திரங்களில் ஒருவர் பெயரைச் சொல்லி, கமா போட்டு, 'லெகெல் ஆ தெக்லாரே' என்று தொடர்வார்கள். 'ஹூ டிக்ளேர்ட்' என்று மாற்ற வேண்டும். 1954-க்கு முந்தைய புதுச்சேரிப் பத்திரம் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், இந்த நடை கண்ணில் படலாம். ஆண்பாலா பெண்பாலா, ஒருமையா பன்மையா என்று லெகெல் காட்டிவிடுவதால் யாரைக் குறிக்கிறது என்ற சந்தேகம் வராது. பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் என்று சொல்லி லெகெல் போட்டால் மகன், லாகெல் போட்டால் அம்மா. ஆங்கில ஹூ இதைக் காட்டாது. அந்த இடத்தில் 'த சன்' என்று பெயர்ச்சொல்லைத் திரும்ப எழுதத் தயங்க வேண்டாம்.

ஊ என்றால் வேர். அப்படியானால் 'லெ ஜூர் ஊ' என்று ஏன் வருகிறது?

பிரெஞ்சில் ஊ இடத்துக்கும் காலத்துக்கும் பொது, நம் 'இல்' போல. வீட்டில், மாலையில் என்று நாம் இரண்டுக்கும் ஒரே உருபைத்தானே சேர்க்கிறோம். 'லெ ஜூர் ஊ எல் எ பார்த்தீ' என்பது 'த டே ஷி லெஃப்ட்'. இங்கே வேர் போட்டால் தவறு. வென் போடலாம், ஒன்றுமே போடாவிட்டால் இன்னும் நல்லது.

ஆனால் 'முதல் தடவை', 'கடைசித் தடவை' என்று வந்தால் பிரெஞ்சில் ஊ வராது, கெ வரும்: 'லா ப்ரெமியேர் ஃபுவா கெ'. ஆங்கிலத்தில் 'த ஃபர்ஸ்ட் டைம்' என்று சொல்லி நேராகத் தொடருங்கள். அப்புறம், 'தூ' என்று ஒலிக்கும் வடிவம் 'எங்கிருந்து'. 'லெ பேயி தூ இல் வியான்': 'த கன்ட்ரி ஹி கம்ஸ் ஃப்ரம்'.

ஸெ கி, ஸெ கெ இரண்டையும் எப்போது வாட் என்றும் எப்போது விச் என்றும் மாற்றுவது?

முன்னால் கமாவும் ஒரு முழு வாக்கியமும் இருந்து, அந்த வாக்கியம் முழுவதையும் குறித்தால் விச். 'இல் எ தாரிவே ஆன் ரெதார், ஸெ கி மா எதொனே': 'ஹி கேம் லேட், விச் சர்ப்ரைஸ்ட் மீ'. ஆச்சரியப்படுத்தியது அவர் அல்ல, அவர் தாமதமாக வந்தது.

அப்படி எதையும் குறிக்காமல் 'எதுவோ அது' என்று தனியாக நின்றால் வாட். அதே பிரகடனத்தின் 5-ஆவது பிரிவில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. சட்டம் தடுக்காத எதையும் யாரும் தடை செய்ய முடியாது என்ற பகுதி 'தூ ஸெ கி' என்று தொடங்குகிறது. சட்டம் கட்டளையிடாததைச் செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற பகுதியில் 'ஸெ கெல் நொர்தொன் பா' என்று வருகிறது. பின்னது 'வாட் இட் டஸ் நாட் ஆர்டர்'. முன்னது 'எவ்ரிதிங் தட்' அல்லது 'எனிதிங் தட்'. 'எல்லாம்' என்று பொருள்படும் இந்தத் தூ (மேலே பார்த்த 'எங்கிருந்து' அல்ல) முன்னால் வந்துவிட்டால் வாட் கிடையாது. 'ஆல் வாட்' என்று எழுதுவது நம்மிடம் அடிக்கடி காணும் பிழை, 'ஆல் தட்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

'ஸெ தோன்' வந்தாலும் இதே முறைதான், ப்ரெபோஸிஷனை மட்டும் மறக்காதீர்கள்.

கெ வந்தாலே ரிலேட்டிவ் புரோனவுனா?

இல்லை. 'ஜெ ஸே கெ' என்பதில் அது நம் 'என்று'. 'ப்ளுய் க்ரான் கெ முவா' என்பதில் 'விட', ஆங்கிலத்தில் தேன். 'இல் நெ மான்ஜ் கெ துய் ரீ' என்பதில் 'மட்டும்': 'ஹி ஈட்ஸ் ஒன்லி ரைஸ்'. இந்தக் கடைசி வகையில் 'நெ' இருப்பதைப் பார்த்து, சாப்பிடுவதில்லை என்று எதிர்மறையாக எழுதிவிடுவார்கள். முன்னால் ஒரு பெயர்ச்சொல்லோ அந்த இடத்தில் நிற்கும் சொல்லோ இருந்து, அதைப் பற்றி கெ பேசினால்தான் ரிலேட்டிவ்.

எழுத்துக்கூட்டலிலேயே ஏதாவது துப்பு கிடைக்குமா?

கிடைக்கும். 'லா லெத்ர் கெ ஜே எக்ரீத்' என்பதில் கடைசியில் ஒலிக்கும் அந்த 'த்' எங்கிருந்து வந்தது? கடிதம் பெண்பால், அது கெ வழியாக வினைக்கு முன்னால் வந்துவிட்டது, அதனால் வினையெச்ச வடிவம் அதனோடு ஒத்துப்போகிறது. ஆண்பாலாக இருந்தால் 'எக்ரி' என்று நின்றிருக்கும். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து மாணவர்களைத் துன்புறுத்தும் விதி இது, ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு நண்பன். முன்னால் இரண்டு மூன்று பெயர்ச்சொற்கள் வரிசையாக இருந்து கெ எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் நிற்கும்போது, இந்த முடிவைப் பார்த்தால் பால் தெரிந்துவிடும்.

கமா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நிறைய வித்தியாசம். 'முடித்த மாணவர்கள் போகலாம்' என்பதில் முடிக்காதவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். கமா போட்டால் எல்லாருமே முடித்துவிட்டார்கள், எல்லாரும் போகலாம். இரு மொழிகளிலும் இது ஒன்றே. ஆங்கிலத்தில் கூடுதலாக, கமாவுக்குப் பின் தட் வரக்கூடாது. ஹூ அல்லது விச் மட்டும்.

கி-க்குப் பிறகு ஸப்ஜங்க்டிவ் (உறுதியாகத் தெரியாததைச் சொல்லும் வினை வடிவம்) வந்தால் ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது?

'கி ஸே லெ தமூல்' என்றால் தமிழ் தெரிந்த ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுகிறீர்கள், அவர் இருக்கிறார். 'கி ஸாஷ் லெ தமூல்' என்றால் அப்படி யாராவது கிடைப்பார்களா என்று தேடுகிறீர்கள். ஆங்கில வினையில் இந்த வித்தியாசம் தெரியாது. பெயர்ச்சொல் பக்கம் காட்டுங்கள்: முன்னதற்கு 'எ செர்ட்டன் பெர்சன் ஹூ', பின்னதற்கு 'சம்ஒன் ஹூ' அல்லது 'எனிஒன் ஹூ'. வேலை விளம்பரங்களை மாற்றும்போது இது உதவும்.

'ஸே முவா கி' வந்தால் வினை யாரோடு போகும்?

பிரெஞ்சில் முவா-வோடு, அதாவது 'நான்' என்பதற்குரிய வடிவம்: 'ஸே முவா கி ஸுவி ரெஸ்போன்ஸாப்ல்'. ஆங்கிலத்தில் 'ஐயம் த ஒன் ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள்', வினை படர்க்கைக்கு மாறுகிறது. பேச்சு வாக்கியமாக இருந்தால் இந்த அமைப்பையே விட்டுவிட்டு, ஆங்கில 'ஐ' மேல் அழுத்தம் கொடுத்துச் சிறிய வாக்கியமாக எழுதலாம். 'நான்தான் பொறுப்பு' என்பதில் நம் 'தான்' செய்கிற வேலை அது.

ஒவ்வொரு கி-க்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் கட்டாயம் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பிரெஞ்சு வாக்கியம் கி, கெ என்று நீளமாகப் பின்னிக்கொண்டே போவதைத் தாங்கும். ஆங்கிலத்தில் ஹூ, விச் என்று அடுத்தடுத்து நான்கு வந்தால் படிக்க முடியாது. எட்டு மணிக்குப் புறப்படும் ரயில் என்பதற்கு 'த எய்ட் ஓ கிளாக் ட்ரெயின்' போதும். இங்கே வசிப்பவர்களுக்கு 'த பீப்பிள் லிவிங் ஹியர்'. 'லெ வுவாலா கி அரீவ்' என்று பிரெஞ்சில் ஒருவர் வருவதைப் பார்த்துச் சொன்னால், 'ஹியர் ஹி கம்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.